பாட்டியின் கைமணம்: ஒரு சொல்லை விசாரித்தல்

சாம்பார்ப்பொடி, ஊறுகாய், சீயக்காய்த்தூள், முறுக்கு என்று கடையில் எதை எடுத்தாலும் உறையின் மேல் ஒரு பாட்டி இருக்கிறார். நரைத்த தலை, மூக்குத்தி, அகலமான பொட்டு, குறையாத சிரிப்பு. பக்கத்திலேயே 'பாட்டியின் கைமணம்' என்று அச்சடித்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் பொடியை அரைத்தது இயந்திரம். பெயரைப் பதிவு செய்துகொண்டது நிறுவனம். இலாபம் முதலாளிக்கு. இதில் பாட்டிக்கு என்ன பங்கு என்று கேட்டால் கேட்பவளை வினோதமாகப் பார்ப்பார்கள். பாட்டி செய்தது அன்பு. அன்புக்குப் பங்கு பிரிக்க முடியுமா?

விளம்பரக்காரர்கள் இந்தச் சொல்லைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. நம் நாவல்களிலும் தன்வரலாறுகளிலும் நினைவுக் கட்டுரைகளிலும் இருந்து எடுத்துக்கொண்டார்கள். வளர்ந்து, படித்து, நகரத்துக்குப் போன பேரன் ஊரை நினைக்கும்போது முதலில் நினைவுக்கு வருவது பாட்டியின் மீன்குழம்பு அல்லது வத்தக்குழம்பு. அந்தப் பத்தி உருக்கமாக இருக்கும். பாட்டியின் பெயர் மட்டும் பெரும்பாலும் இருக்காது. அவர் எத்தனை மணிக்கு எழுந்தார், எப்போது சாப்பிட்டார், அரிசி தீர்ந்த மாதத்தில் என்ன செய்தார் என்பதும் இருக்காது. கைமணம் என்ற ஒரு சொல் அத்தனைக்கும் ஈடாக நின்றுவிடும்.

அந்தச் சொல்லைத்தான் இந்தக் கட்டுரையில் விசாரிக்க விரும்புகிறேன். பாராட்டாகவே சொல்லப்படும் இந்தச் சொல், பாட்டியின் அறிவையும் நேரத்தையும் அவர் ஈட்டிய பணத்தையும் மறைக்கிறது என்பது என் வாதம். அவருக்குப் பின்னால் நின்ற இன்னொரு பெண்ணின் கையை அது முற்றாகவே மறைத்துவிடுகிறது.

சிவந்த விரல்கள்

தமிழ் இலக்கியம் சமைக்கும் கையைப் பார்க்காமல் இருந்ததில்லை. குறுந்தொகையின் 167ஆம் பாட்டு கூடலூர் கிழார் பாடியது. வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவிகள் சிரித்துக்கொண்டே கேட்கும் பாட்டு. புதிதாகக் குடித்தனம் தொடங்கிய பெண் கட்டித் தயிரை விரலால் பிசைகிறாள். அந்தக் கையை உடுத்திய துணியிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிப்பின் புகை அவள் கண்ணில் படிகிறது. கணவன் உண்டுவிட்டு 'இனிது' என்கிறான். அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. பார்த்துவிட்டு வந்து நற்றாயிடம் இதைச் சொல்பவள் செவிலித்தாய்.

இதை இல்லறத்தின் இனிமையைச் சொல்லும் பாட்டாக மட்டுமே உரைகள் விளக்கி வந்திருக்கின்றன. உழைப்பைச் சொல்லும் பாட்டாகவும் இதை வாசிக்கலாம். பிசைந்த விரல், துவைக்க நேரமில்லாத துணி, புகை அண்டிய கண் என்று வேலையின் தடயங்கள் ஒவ்வொன்றாக உடலில் பதிந்திருக்கின்றன. கூலியாகக் கிடைப்பது ஒரே ஒரு சொல். அவள் உண்டாளா என்பது பாட்டில் இல்லை. செவிலிக்கும் அது சொல்லவேண்டிய செய்தியாகப் படவில்லை. மகள் நன்றாக இருக்கிறாள் என்பதற்குச் சான்று, மருமகன் நன்றாக உண்டான் என்பதுதான். இந்த அளவுகோலை அடுத்த தலைமுறைக்குக் கடத்துபவளும் ஒரு மூத்த பெண்தான் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் கண்ணகி சமைக்கிறாள். காய் அரிந்து விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, கண் சிவக்கிறது. இளங்கோ இவற்றையெல்லாம் பார்த்து எழுதியிருக்கிறார். அந்தச் சமையலுக்கு வீடும் கலமும் காய்கறியும் அரிசியும் கொடுத்து, துணைக்குத் தன் மகள் ஐயையையும் விட்டவள் இடையர்குல முதுமகள் மாதரி. கண்ணகியின் சிவந்த விரல் நம் நினைவில் நிற்கிறது. மாதரியின் கை நிற்கவில்லை.

இந்த வரிசையில் சேராத ஒருத்தியும் இருக்கிறாள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆய்மகள் விடியலில் தயிர் கடைகிறாள். மோர்ப்பானையைத் தலையில் சுமந்துபோய் விற்கிறாள். அதில் கிடைத்ததைக் கொண்டு சுற்றத்தாருக்கு உணவளிக்கிறாள். நெய்யை விற்கும்போது மட்டும் அதற்கு விலையாகப் பொன்னை வாங்க மறுக்கிறாள். எருமையும் பசுவும் கன்றுமாக வாங்கிக்கொள்கிறாள். பொன் பெட்டியில் இருக்கும், மாடு பெருகும். வீட்டில் செய்த பொருளை எதற்கு மாற்றுவது என்று தானே முடிவு செய்யும் ஒரு பெண் 2000 ஆண்டுக்கு முந்தைய நம் மரபிலேயே இருக்கிறாள். அவளுடைய நெய்யின் மணத்தைப் புலவர் பாடவில்லை. அவள் செய்த வியாபாரத்தைப் பாடினார். இந்த ஆய்மகளை விட்டுவிட்டு, 'இனிது' என்ற சொல்லுக்கு மலர்ந்தவளை மட்டும் நாம் ஏன் மரபாக எடுத்துக்கொண்டோம்?

வெயிலை அளந்தவர்

என் அம்மாச்சி மயிலாடுதுறைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாழ்ந்தார். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றது. சித்திரை பிறந்தால் அவருக்கு வடகக் காலம். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். ஊறவைத்த உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு எல்லாம் சேர்த்துப் பிசைந்து ஓர் இரவு மூடிவைக்க வேண்டும். மறுநாள் பாயில் பரப்பிக் காயவைத்து, சாயங்காலம் அள்ளி, பாத்திரத்தில் தங்கிய சாற்றிலேயே மறுபடி பிசைந்து வைக்க வேண்டும். இப்படிப் பத்து நாள் போல. ஈரம் வற்றி வரும்போது விளக்கெண்ணெய் தொட்டு உருண்டை பிடித்து, அந்த உருண்டைகளையும் காயவைக்க வேண்டும்.

இதைச் 'செய்முறை' என்று ஐந்து வரியில் எழுதிவிடலாம். அந்த ஐந்து வரிக்குள் அடங்காதது, எந்த நாளில் தொடங்குவது என்ற முடிவு. வடகம் பாதி ஈரத்தில் இருக்கும்போது கோடைமழை பிடித்துக்கொண்டால் அத்தனையும் பூஞ்சை பூத்துவிடும். அம்மாச்சி மாலையில் கொல்லைக்குப் போய்த் தென்மேற்கே பார்ப்பார். காற்றின் திசை, எறும்பின் போக்கு, உப்புப் பானையின் கசிவு ஆகியவற்றை வைத்து நாளைச் சொல்வார். மாங்காய் ஊறுகாய்க்கு உப்பை அவர் அளந்து பார்த்து நான் கண்டதில்லை. ஆனால் காயின் புளிப்பை நாக்கில் தொட்டுப் பார்க்காமல் ஒருநாளும் உப்பில் கைவைத்ததில்லை. சீயக்காய் அரைக்க மில்லுக்கு விடியற்காலையில் போய் முதல் ஆளாக நிற்பார். மிளகாய் அரைத்த பிறகு அதே இயந்திரத்தில் சீயக்காயைப் போட்டால் தலைக்குக் குளிக்கும்போது கண் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். சீயக்காயோடு பச்சைப்பயறும் வெந்தயமும் பூலாங்கிழங்கும் எந்தத் தலைக்கு எவ்வளவு என்பதில் அவருக்கு வேறுவேறு கணக்கு இருந்தது. பிள்ளை பெற்றவளுக்கு ஒன்று, வயசுப் பெண்ணுக்கு ஒன்று.

இது அவதானிப்பு, சோதனை, திருத்தம் என்ற வழியில் பல தலைமுறைப் பெண்கள் சேர்த்த அறிவு. இதே அறிவு ஒரு வைத்தியரிடம் இருந்தால் 'பாரம்பரிய மருத்துவம்' என்போம். விவசாயியிடம் இருந்தால் 'மரபு வேளாண்மை' என்போம். பாட்டியிடம் இருப்பதால் 'கைமணம்' என்கிறோம். அதாவது, அவர் கற்றுக்கொண்ட ஒன்றாக இல்லாமல் கையில் தானாக ஊறிவந்த ஒன்றாக ஆக்கிவிடுகிறோம். பூவுக்கு மணம் இருப்பதுபோல அவர் கைக்கு மணம். பூ எதையும் கற்றுக்கொள்வதில்லை அல்லவா?

இந்த அறிவு எழுத்தில் ஏறியபோது நடந்ததையும் பார்க்க வேண்டும். எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வெளிவந்தது. இளம் வயதில் கணவரை இழந்த அவர், வீட்டுக்குள் வாய்மொழியாக இருந்ததை அளவோடு எழுதி நூலாக்கினார். கல்யாணமாகி வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போன எத்தனையோ பெண்களின் பெட்டியில் அது இருந்தது. கைமணம் என்று ஒன்றும் இல்லை, சொல்லிக்கொடுத்தால் யாருக்கும் வரும் என்பதைத் தலைப்பிலேயே சொன்ன நூல் அது. எழுதியவருக்குப் பெயரும் கிடைத்தது. ஆனால் அந்த நூல் ஒரு சமூகத்தின், பிராமண வீட்டுச் சைவச் சமையலின் நூல். எழுத்தறிவும் அச்சகமும் எட்டிய வீட்டுப் பாட்டிகளின் சமையல் முதலில் நூலானது. நாளடைவில் அதுவே 'தமிழ்நாட்டுச் சமையல்' என்றும் ஆனது. கருவாட்டுக் குழம்பு வைத்த பாட்டி, நத்தையும் நண்டும் சமைத்த பாட்டி, மாட்டுக்கறியை உப்புக்கண்டம் போட்ட பாட்டி பொட்டலத்தின் மேல் சிரிக்க இன்றுவரை அழைக்கப்படவில்லை.

கட்டுச்சோற்றோடு போன பயணங்கள்

பாட்டியின் அன்றாடத்தைப் பேசும்போது அவர் வெளியே போன நாள்களையும் சேர்த்தே பேச வேண்டும். எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட நாள்களில் பெரியது ஆடிப்பெருக்கு. குடும்பம் முழுவதும் காவிரித் துறைக்குப் போகும். அதற்கு அம்மாச்சி எழும் நேரம் இரவு மூன்று மணி. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப்பொங்கல். வெயில் ஏறுவதற்குள் எல்லாம் ஆறி, கட்டப்பட்டிருக்க வேண்டும். சூட்டோடு கட்டினால் வியர்த்துக் கெடும் என்று தாம்பாளத்தில் பரப்பி ஆற்றுவார். வாழையிலையைத் தணலில் வாட்டி மடிப்பார். தயிர்ச்சோற்றில் தயிரைக் குறைத்துப் பாலைக் கூட்டி ஊற்றுவார், மதியத்துக்குள் புளிக்காமல் இருக்க. துறைக்குப் போனதும் முதலில் தேங்காய்ச் சோறு, கடைசியில் புளிச்சோறு என்று எது முதலில் கெடும் என்பதை வைத்துத்தான் பரிமாறும் வரிசை.

ஆற்றங்கரையில் மற்றவர்கள் குளித்தார்கள், காதோலை கருகமணி வைத்துக் கும்பிட்டார்கள், காப்பரிசி தின்றார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். அம்மாச்சி பாய் விரித்துப் பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவல் இருந்தார். பிறகு பரிமாறினார். பிறகு ஏனங்களை மணல் போட்டுக் கழுவினார். எங்கள் குடும்பத்தில் ஆடிப்பெருக்குப் படங்கள் ஆறோ ஏழோ இருக்கின்றன. ஒன்றிலாவது அவர் முகம் தெளிவாக இல்லை. ஒன்றில் தூக்குவாளிக்குப் பின்னால் சேலைத் தலைப்பு மட்டும் தெரிகிறது. குடும்பத்துக்கு அது உலா. அவருக்கு இடம் மாறிய சமையலறை.

மூத்த பெண்கள் வெளியே போவது பிறருக்காகவே என்பதும் பழைய வழக்கம்தான். முல்லைப்பாட்டில் முதிய பெண்டிர் நெல்லும் முல்லைப் பூவும் தூவி ஊருக்கு வெளியே போய் நற்சொல் கேட்டு நிற்கிறார்கள். போர்க்களம் போன அரசன் திரும்பி வருவானா என்று, காத்திருக்கும் அரசிக்காக. அங்கே அவர்கள் காதில் விழுவது, தாய்ப்பசு வந்துவிடும் என்று கன்றைத் தேற்றும் இடைப்பெண்ணின் பேச்சு. அழகான காட்சி. அந்த முதிய பெண்டிரின் வீட்டிலிருந்து யாராவது போருக்குப் போயிருந்தார்களா? அதைப் பாட்டு கேட்கவில்லை.

இதை இப்படியே நிறுத்தினால் பாட்டியை வெறும் சுமைதாங்கி ஆக்கியவள் ஆவேன். அதுவும் உண்மை இல்லை. கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு அம்மாச்சியும் தெருப்பெண்கள் மூவரும் மதியக் காட்சிக்குப் போய்வந்த கதைகளைப் பின்னாளில் அவரே சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறார். பெண்கள் தங்களுக்காக மட்டுமே சமைத்த இரவுகளும் இருந்தன. செவ்வாய்ப் பிள்ளையார் நோன்பு, ஔவையார் நோன்பு என்று பல ஊர்களில் இன்றும் நடக்கிறது. ஆடியிலோ தையிலோ மாசியிலோ ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, ஆண்கள் உறங்கிய பின், பெண்கள் ஒரு வீட்டில் கூடுவார்கள். பச்சரிசி மாவில் உப்பில்லாமல் விதவிதமாகக் கொழுக்கட்டை பிடித்து வேகவைப்பார்கள். ஔவையின் கதையைச் சொல்வார்கள். விடிவதற்குள் அத்தனையையும் தாங்களே தின்று முடிப்பார்கள். ஆண் அதைப் பார்க்கவும் கூடாது, தின்னவும் கூடாது. சின்னப் பையனுக்கும் அனுமதி இல்லை.

கணவன் நலத்துக்காகவும் பிள்ளை வரத்துக்காகவும்தான் இந்த நோன்பு என்பார்கள். இருக்கட்டும். நடப்பதைப் பாருங்கள்: 'இனிது' என்று சொல்ல அங்கே எவனும் இல்லை. உப்பில்லாத மாவை ருசித்துத் தின்று, பேசி, சிரித்து விடியவைக்கிறார்கள். எந்தப் பேரனின் நினைவுக் குறிப்பிலும் இந்தக் கொழுக்கட்டையின் கைமணம் வராது. அவன் அதைத் தின்றதே இல்லை. பாட்டியின் சமையலைப் பற்றி நமக்கு எழுதிக் கிடைத்தவற்றில் பெரும்பகுதி அதைத் தின்றவர்கள் எழுதியது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

அந்த இரவின் தலைவி ஔவை என்பதிலும் ஒரு செய்தி உண்டு. சங்க ஔவை அதியமானோடு கள் அருந்தியவர். தொண்டைமானிடம் தூது போனவர். பிற்காலக் கதைகளிலும் 1953இல் கே.பி. சுந்தராம்பாள் நடித்த படத்திலும் நாம் அறிந்த ஔவையோ கோலூன்றிய கிழவி. அரசியல் பேசிய ஒரு பெண்ணைத் தொல்லை இல்லாதவளாக்க எளிய வழி, அவளை எல்லோருக்கும் பாட்டி ஆக்கிவிடுவது. மதுரைக்காஞ்சியில் பாணர்களோடு சேர்த்து அழைக்கப்படும் 'பாட்டியர்' பாடும் தொழிலுடைய பெண்கள். தொழிலைக் குறித்த சொல் உறவைக் குறிக்கும் சொல்லாக மட்டும் இன்று நம் நாவில் மிஞ்சியிருக்கிறது.

'சும்மா இருந்த நேரம்'

என் தாத்தா ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதியவர். 1960களின் இறுதியில் அந்த ஆலை மூடப்பட்டது. அதன் பிறகு பல ஆண்டுகள் அவருக்கு நிலையான வேலை இல்லை. அந்த ஆண்டுகளில்தான் அம்மாச்சியின் வடகம் வீட்டை விட்டு வெளியே போகத் தொடங்கியது. முதலில் அக்கம்பக்கத்துக்கு, பிறகு சென்னையில் இருக்கும் பிள்ளைக்குக் கொடுத்தனுப்ப வேண்டும் என்று கேட்டு வந்தவர்களுக்கு. அதன் பின்னால் சீயக்காய்த்தூளும் மோர்மிளகாயும். என் அம்மா ஆசிரியர் பயிற்சி முடித்தது அந்தப் பணத்தில். அம்மாவே இதைச் சொல்லியிருக்கிறார்: பயிற்சிப் பள்ளிக்குக் கட்டிய பணம் கடுகு டப்பாவிலிருந்து வந்தது, நோட்டில் கடுகு ஒட்டிக்கொண்டிருந்தது.

குடும்ப வரலாறு வேறு மாதிரிச் சொல்கிறது. "தாத்தா அந்தக் காலத்துலேயே பொண்ண படிக்க வச்சவரு." கல்யாண வீட்டிலும் காரியத்திலும் இந்த வாக்கியத்தைக் கேட்டே வளர்ந்தேன். ஒருமுறை மாமாவிடம் வடகப் பணத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "அதுல என்னம்மா பெரிய கணக்கு? வீட்டுல சும்மா இருந்த நேரத்துல செஞ்சதுதானே" என்றார். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். நம் மொழி அவருக்குக் கொடுத்த சொல்லைத்தான் அவர் சொன்னார். என் வகுப்பில் முதல் நாள் அறிமுகத்தில் இன்றும் மாணவிகள் சொல்கிறார்கள்: "அம்மா வீட்ல சும்மாதான் இருக்காங்க மேடம்."

இந்தச் 'சும்மா'வுக்கு அரசு ஆவணத்திலும் இடம் உண்டு. தேசிய மாதிரி ஆய்வு நிறுவனத்தின் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்புகளில் வீட்டுவேலை மட்டும் செய்பவருக்கு 92 என்ற குறியீடு. வீட்டுவேலையோடு விறகு சேர்ப்பது, தைப்பது, வீட்டுக்கான பொருள்களைச் செய்வது போன்றவற்றையும் பார்ப்பவருக்கு 93. இரண்டு குறியீட்டில் இருப்பவர்களும் உழைப்பாளர் தொகுதிக்கு வெளியே. வடகம் வெளியே விற்காத ஆண்டுகளில் என் அம்மாச்சி ஒரு 93. தன் நாளில் அவர் 16 மணி நேரம் வேலை செய்திருந்தாலும் கணக்கில் உழைக்காதவர்.

நேரத்தை நேராக அளந்தபோது படம் மாறியது. 2019இல் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் ஒருவர் நாளொன்றுக்கு அதில் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம். ஈடுபடும் ஆண் 97 நிமிடம். 2024இல் மறுபடி அளந்தார்கள். பெண்ணுக்கு 289, ஆணுக்கு 88. ஐந்தாண்டில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் மிச்சமானது. ஆணும் ஒன்பது நிமிடம் குறைத்துக்கொண்டார்.

அப்பளமும் வடகமும் சும்மா இருந்த நேரத்துப் பொருள் அல்ல என்பதற்கு மும்பையில் ஒரு சான்று இருக்கிறது. 1959 மார்ச்சில் கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் மொட்டைமாடியில் அப்பளம் தேய்க்கத் தொடங்கினார்கள். அதுதான் லிஜ்ஜத். பல்லாயிரம் பெண்கள் சேர்ந்த பிறகும் தேய்ப்பவர்களே உரிமையாளர்கள் என்ற விதி தொடர்ந்தது. அங்கே கைக்குப் பங்கு இருந்தது. பொட்டலத்துப் பாட்டிக்கும் இவர்களுக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

தமிழ்நாட்டில் இரண்டு செய்திகளை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம், கணவர் சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டை நடத்திய மனைவிக்கும் சமபங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. அவருடைய வீட்டுவேலை அந்தச் சொத்து உருவாக அளித்த பங்களிப்பு என்பது அதன் அடிப்படை. அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று மாதம் 1000 ரூபாய் வழங்கும் திட்டம் தொடங்கியபோது, அதற்கு 'உதவித்தொகை' என்று பெயர் வைக்காமல் 'உரிமைத்தொகை' என்று வைத்தார்கள். ஆயிரம் ரூபாய் அந்த உழைப்புக்கு ஈடாகாது. ஆனாலும் உதவி என்ற சொல்லுக்கும் உரிமை என்ற சொல்லுக்கும் நடுவில் உள்ள தூரத்தை என் அம்மாச்சியின் தலைமுறை கடக்கவே இல்லை.

இடித்த கை

பெண்ணியம் பேசுகிற நாம் பாட்டிக்கு உரிய பெயரை மீட்பதோடு நின்றுவிட்டால் பாதி வேலைதான் முடியும். எங்கள் வீட்டில் மிளகாயும் மஞ்சளும் இடித்தவர் அம்மாச்சி அல்ல. வெங்காயம் உரித்தவரும் அவர் அல்ல. ஊருக்கு வெளியே இருந்த தெருவிலிருந்து ஒரு மூதாட்டி வருவார். கொல்லையில் உலக்கை பிடிப்பார். மிளகாய் நெடியில் அவர் இருமும் சத்தம் வாசலுக்குக் கேட்கும். அவருக்கு நெல்லும் பழைய சோறும் கொடுப்பார்கள். காப்பி தரும் குவளை கொல்லைச் சுவரில் தனியே கவிழ்த்திருக்கும். அம்மாச்சியின் கைமணம் என்று ஊரே சொன்ன பொடியில் அந்த அம்மாவின் கைதான் முதல் கை. அவருக்கும் பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். அவர் வீட்டில் அவர்தான் பாட்டி.

அந்தப் பக்கத்திலிருந்து எழுதப்பட்டது பாமாவின் 'கருக்கு' (1992). அதில் வரும் பாட்டி நாயக்கர் வீட்டில் வேலை செய்பவர். அந்த வீட்டுப் பெண் எட்ட நின்று, தொட்டுவிடாமல், மிச்சச் சோற்றைப் பாட்டியின் ஏனத்தில் கொட்டுவதைப் பேத்தி பார்க்கிறாள். பாட்டி அதை வீட்டுக்குக் கொண்டுவந்து பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார். பாட்டியின் சோற்றை நினைக்கும்போது ஒரு பேத்திக்கு மணமும் இன்னொரு பேத்திக்கு அவமானமும் நினைவுக்கு வருமானால், 'பாட்டி' என்பதைத் தமிழர் எல்லோருக்கும் பொதுவான இனிய நினைவாக எப்படி எழுதுவது? அதே பாமாவின் 'சங்கதி'யில் வரும் பாட்டி ஊருக்கெல்லாம் பிரசவம் பார்த்தவர், கதை சொல்பவர், ஆண்களைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசுபவர். தமிழ் உரைநடையில் தொழிலோடும் குரலோடும் வந்த பாட்டிகளில் அவர் முக்கியமானவர்.

அதிகாரத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஊறுகாய் ஜாடியை மாதவிலக்கான பெண் தொடக்கூடாது என்று காவல் காத்தவர் அம்மாச்சிதான். ஆண்கள் உண்ட பின்பே மருமகளுக்குச் சோறு என்ற வரிசையை வைத்தவரும் அவர்தான். குவளையைக் கொல்லைச் சுவரில் கவிழ்த்தவரும் அவர்தான். அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' இந்த அதிகாரத்தை நேருக்கு நேர் பார்த்த கதை. ராஜஸ்தானத்துக் கூட்டுக்குடும்பம் ஒன்றில் சமையலறையே ஜீஜியின் ஆட்சிப்பரப்பு. வெளிச்சம் வராத, சன்னல் சிறுத்த ஆட்சிப்பரப்பு. தெற்கிலிருந்து போன மருமகள் மீனாட்சி, நோயில் கிடக்கும் ஜீஜியிடம் சொல்வது: பலம் அந்தச் சமையலறையிலும் நகையிலும் இல்லை. அந்த வீட்டின் வேறெந்த அதிகாரமும் எட்டாத ஒருத்திக்கு உப்பையும் நெய்யையும் கொண்டு ஆளும் அதிகாரம் விடப்படுகிறது. அதை அவர் தனக்குக் கீழே உள்ள பெண்கள் மீதுதான் செலுத்த முடியும். பாட்டியைத் தெய்வமாக்கும் எழுத்து இதைச் சொல்லாது. பாட்டியைக் கொடுமைக்காரி ஆக்கும் எழுத்து அவருக்கு அந்த மூலை மட்டும்தான் விடப்பட்டது என்பதைச் சொல்லாது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே விமர்சனத்தின் வேலை.

கேட்கவேண்டிய கேள்விகள்

சில ஆண்டுகளாக இளங்கலை மாணவிகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்து வருகிறேன். வீட்டில் இருக்கும் மூத்த பெண் ஒருவரின் ஒரு நாளை எழுதிவர வேண்டும். இரண்டு நிபந்தனைகள்: 'கைமணம்', 'அன்பு', 'தியாகம்' ஆகிய மூன்று சொற்களைப் பயன்படுத்தக் கூடாது, அவருடைய முழுப்பெயர் முதல் வரியில் இருக்க வேண்டும். பெயரை எழுதும் இடத்திலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வருகிறார்கள். ஒரு பெண்ணின் பாட்டி, "எதுக்குடி என் பேரு, ரேஷன் கடைக்கா?" என்று கேட்டாராம்.

பெயருக்கு அடுத்து வரும் கேள்விகள் இவை. எப்போது எழுந்தீர்கள்? கடைசியாக எப்போது உண்டீர்கள்? நீங்கள் செய்ததை யாராவது விலைக்கு வாங்கினார்களா? அந்தப் பணம் எங்கே போனது? உங்களோடு வேலை செய்தவர் யார்? அவர் பெயர் என்ன, அவருக்கு என்ன கொடுத்தீர்கள்? வெளியூர் போனபோது நீங்கள் எதைப் பார்த்தீர்கள்? உங்களுக்காக மட்டும் எதையாவது சமைத்ததுண்டா?

கடைசிக் கேள்விக்கு வரும் பதில்களைத் தனியாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். பெரும்பாலானவை ஒரு வரிப் பதில்கள். "தனக்குன்னு யாராவது ஆக்குவாங்களா?" "எல்லாரும் ஊருக்குப் போயிருந்தப்ப ரசம் மட்டும் வச்சேன்." "கருவாடு. அவருக்கு வாடை ஆகாது. அவரு போன பொறவு." பேரப்பிள்ளைகளின் நினைவுக் கட்டுரைகளில் நான் இதுவரை வாசித்திராத பாட்டி இந்த ஒற்றை வரிகளில் இருக்கிறார். அவருக்கு ஒரு நாக்கு உண்டு, அதற்கென்று ஒரு ருசி உண்டு. பிறர் நாக்கிலேயே அவரை இத்தனை காலம் தேடிக்கொண்டிருந்தோம்.

உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த வாரம் கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதி வையுங்கள். அளவைக் கேளுங்கள், விலையைக் கேளுங்கள், கூட இடித்தவரின் பெயரைக் கேளுங்கள். அவரே சமைத்துப் பரிமாறிக்கொண்டிருக்கும்போது மட்டும் கேட்காதீர்கள். அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டு, அவரை உட்காரவைத்துக் கேளுங்கள்.